எந்தப் பூச்சி?

எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது பூச்சிதான். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே நின்று டப்பாவை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். வயிற்றில் பூச்சி, பல்லில் பூச்சி, ரத்தத்தில் பூச்சி. சின்னசேலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் மருமகளுக்கு மண்டையில் பூச்சி என்றார். அவர் சொன்னது அவளுடைய கோபத்தை.

"பேரச் சொல்லுங்க. கொக்கிப்புழுவா, நாடாப்புழுவா, கீரிப்பூச்சியா? சும்மா பூச்சின்னா நான் இன்னான்னு எழுதறது?" என்று கடிந்துகொள்வேன். பெயர் தெரிந்தால் அவர்கள் ஏன் இங்கே வரப்போகிறார்கள் என்று எங்கள் டாக்டர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அதற்குக் காரணம் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே. அங்கே விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்து நிற்கும் என்று பயம். பூச்சி என்பார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, சாமை அறுத்துப் போட்டிருந்த களத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் என் தங்கை செல்லியைக் கடித்துவிட்டது. அவளுக்கு ஆறு வயது. கடித்ததை அப்பா மட்டும் பார்த்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் ஓடினேன்.

அடிவாரத்தில் ஒரு கம்பவுண்டர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரும் இல்லை, அந்த வீடும் இல்லை. என்ன ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, "பூச்சி கடிச்சிடுச்சுங்க" என்றார் அப்பா. கம்பவுண்டர் காலைப் பார்த்தார். வீக்கம் இல்லை. களிம்பு தடவி, ஒரு மாத்திரை கொடுத்து, விடியட்டும் பார்க்கலாம் என்றார். விடிந்தது. செல்லி எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன், இந்த வேலைக்கு வந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். "வாயுள்ள அப்பன் இருந்திருந்தா எங்க செல்லியும் பொழச்சிருப்பா" என்று என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனார். அன்று முதல் நானும் அவரும் பேசுவதெல்லாம் மழை, மரவள்ளி, மாத்திரை, இவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ராமனும் மலைக்காரர்தான். அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். கள்ளக்குறிச்சி மாவட்டமானதிலிருந்து அதிகாரிகள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். ஊஞ்சல், நாய்க்குட்டி, ரோஜாத் தொட்டி. இவர் அலுவலகத்துப் பெண் அதிகாரி விட்டுப்போனது ஒரு கடல். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் உப்புத் தண்ணீர், பாறைத் துண்டுகள், அவற்றின் மேல் ஒட்டி வளரும் பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். "ராமன், உங்களுக்குத்தான் இதோட பழக்கம், நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா மாறுதலில் போய்விட்டார்கள்.

இவர் வாழ்க்கையில் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கடலூரில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, பத்து நிமிஷம். அப்படிப்பட்ட மனுஷன் சென்னையிலிருந்து உப்பு மூட்டை தருவித்து, கேன் தண்ணீரில் அளந்து கரைத்து, காலையிலும் மாலையிலும் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவருக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

நான் முதல் இரண்டு மாதம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களைக்கு வந்து நின்றார்.

"பொன்னா, கண்ணாடியில பூச்சி கீது."

"இன்னா பூச்சி?"

"வெள்ளையா. ஓடுது. நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லேன்."

"நல்லது கெட்டது அப்புறங்க. மொதல்ல அதுக்கு ஒரு பேரு இருக்கும் இல்ல?"

மறுநாள் சொட்டு மருந்துக் குழாயில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லாத ஒரு உயிர். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண். வாலோரம் முட்டைகள் நிறைந்த பை. இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் யாருடைய உடம்பையாவது தின்றுகொண்டிருந்த ஜீவன்கள். இது யாரையும் ஒன்றும் செய்யாமல், பாசியைச் சுரண்டித் தின்று, முட்டைகளைச் சுமந்துகொண்டு திரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. படம் வரைகிற நோட்டு ஒன்று வாங்கினேன். சென்னையில் இப்படித் தொட்டி வளர்க்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் சேர்ந்து, போட்டோ எடுத்துப் போட்டுப் பெயர் கேட்டேன். ஒற்றைக்கண்ணனுக்கு கோப்பேபாட் என்று பெயர். பாறையில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருந்ததை நத்தை என்று எழுதியிருந்தேன். அது சுண்ணாம்புக் கூட்டுக்குள் வாழும் புழு என்று திருத்தினார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன நட்சத்திர மீன்கள், பக்கமெல்லாம் முள்ளாக நீளும் புழு, குதித்துக் குதித்து ஓடும், கூனி இறால் மாதிரியான பொடிசுகள். ஒரு பக்கத்துக்கு ஒன்று. படம், பெயர், எங்கே இருக்கும், என்ன தின்னும். நோட்டைத் தொட்டி மூடியின் மேலேயே வைத்திருந்தேன்.

ஒரு நாள் நோட்டைத் திறந்தால் அதில் இவர் கையெழுத்து. "பின்பக்கப் பாறையில் பழுப்புப் பூச்சி. ஜாஸ்தி ஆகுது" என்று எழுதியிருந்தார். பூச்சி என்ற வார்த்தையைச் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு அடித்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி பக்கத்தில் 'பெயர்?' என்றும் எழுதிவைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் நோட்டைத் தொடவே இல்லை.

அந்தப் பழுப்புச் சமாசாரத்தை நான் பார்த்துவிட்டேன். பாறை முழுக்கச் சட்டைப் பொத்தான்களை நெருக்கித் தைத்தது போல் இருந்தது. ஒவ்வொரு பொத்தானின் ஓரத்திலும் சின்னச் சின்ன விரல்கள். தொட்டால் மூடிக்கொள்ளும். போட்டோவைக் குழுவில் போட்டதும் நாலு பேர் அலறிக்கொண்டு பதில் போட்டார்கள். இது பாலிதோவா. பவளத்துக்கு உறவுக்கார உயிர். உடம்புக்குள் கடுமையான விஷம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உரசித் தேய்க்காதீர்கள், முக்கியமாக வெந்நீர் ஊற்றாதீர்கள், ஆவியோடு விஷம் மேலே வரும், மூச்சில் போனால் ஆளையே சாய்த்துவிடும். இதையெல்லாம் ஒழுங்காக நோட்டில் சிவப்பில் எழுதி, கீழே கோடும் போட்டேன். வாயால் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. நோட்டில் இருக்கிறதே, படித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. அவருக்கு லீவு, எனக்கு இல்லை. சாயங்காலம் ஆறேகாலுக்குப் பக்கத்து வீட்டு பூமாலை போன் செய்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"யக்கா, அண்ணனுக்கு மூச்சு வாங்குது. வாந்தி எடுத்துக்கினே கீறாரு. ஒடம்பு நடுங்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துட்டேன், நீ நேரா வந்துடு."

அவன் சொன்ன தனியார் ஆஸ்பத்திரி எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அடுத்த தெரு. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். போகிற வழியில் கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெளுத்து, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். பேச வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. தங்கமணி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த நர்ஸ் ஒருவர் நீளமான ரப்பர்க் குழாயை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வயிற்றைக் கழுவுகிற குழாய். அது எதற்கென்று எனக்குத் தெரியும்.

"இவரு இன்னா பண்ணிக்கினு இருந்தாருன்னு கேட்டேன்" என்றார் நர்ஸ், பூமாலையைக் காட்டி. "வூட்ல பூச்சிக்கு இன்னாமோ ஊத்திக்கினு இருந்தாருன்றாரு. பூச்சி மருந்துதான். குடிச்சிட்டாரு போல கீது."

எங்கள் பக்கம் இது வாரத்துக்கு ஒன்று வரும். பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு வருவார்கள். மூச்சுத் திணறல், வாந்தி, நடுக்கம், பூச்சி என்கிற வார்த்தை. எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். நர்ஸ் மேல் தப்பே இல்லை.

பணியில் இருந்த டாக்டர் இளம்பெண், அபிநயா. அவர் என்னைப் பார்த்து, "நீங்க அவர் மனைவியா? என்ன குடிச்சார்? வீட்ல என்ன மருந்து இருந்துச்சு? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

எனக்கு எல்லாம் தெரியும். பெயர் தெரியும். எந்தப் பக்கத்தில் எழுதினேன் என்பதுகூடத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"பூச்சி" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. பெயரைச் சொன்னால் அது உண்மையாகிவிடும், வந்து கட்டில் ஓரத்தில் நின்றுவிடும் என்று எனக்கு ஒரு பயம். நாற்பத்தேழு வயதில், ஆஸ்பத்திரி விளக்கு வெளிச்சத்தில், படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ. "பூச்சிங்க... பூச்சி" என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

"பாருங்க டாக்டர், அவங்களே சொல்றாங்க" என்று நர்ஸ் குழாயில் வழவழப்பு மருந்தைத் தடவினார்.

டாக்டர் குனிந்து அவருடைய இமைகளைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்து வாடை அடிக்கிறதா என்று வாயருகே முகர்ந்து பார்த்தார். ஏதோ பொருந்தவில்லை என்பது அவர் நெற்றியில் தெரிந்தது. குழாயை வேண்டாமென்று கையால் தடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"எந்தப் பூச்சிம்மா?" என்றார்.

அவ்வளவுதான். அதட்டவில்லை, படித்தவள்தானே என்று ஏசவில்லை. எந்தப் பூச்சி என்று கேட்டார். என் வாய் திறந்துகொண்டது.

"கடல் மீன் தொட்டிங்க. அதுல பாறை மேல வளர்றது. பாலிதோவா. மருந்து குடிக்கலங்க. வெந்நி ஊத்தியிருப்பாரு. அந்த ஆவிதான்." போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன், குழுவில் வந்த எச்சரிக்கைகளைக் காட்டினேன். டாக்டர் போனை வாங்கிக்கொண்டார். நின்றபடியே படித்தார், தன் போனில் எதையோ தேடினார், யாரிடமோ பேசினார். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சுக்குழாயைத் திறக்கிற மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். ரப்பர்க் குழாயை நர்ஸ் சுருட்டி எடுத்து வைத்தார். இரைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு அதைத் தொண்டையில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

பூமாலையை அனுப்பி வீட்டு ஜன்னல்களையெல்லாம் வெளியிலிருந்தே திறந்துவிடச் சொன்னேன். உள்ளே போகாதே என்று மூன்று தடவை சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் இவர் எழுந்து உட்கார்ந்தார். ராத்திரி அடித்த காய்ச்சல் விட்டிருந்தது. வாயெல்லாம் செம்பு நாணயத்தைச் சப்பியது போல் கசக்கிறது என்றார். இட்லியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன்.

"பாறைய எடுத்துக்கினு போயி, பாத்ரூம் கதவச் சாத்திக்கினு, வெந்நியக் கொதிக்கக் கொதிக்க ஊத்தனேன்" என்றார். "கட்டிலு மூட்டப்பூச்சிக்கு ஊத்தற மாதிரிதான். நம்மூர்ல அப்பிடித்தானே செய்வோம்."

"நான் நோட்ல எழுதி வெச்சிருந்தேன் இல்ல?"

"நோட்ட நான் தொடறதில்ல."

"என்னைக் கேக்கறதுக்கு இன்னாங்க?"

அவர் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் கசந்திருக்க வேண்டும்.

"கேட்டா, பேரச் சொல்லுன்னுவ. பேரு தெரிஞ்சா நான் ஏன் உன்னக் கேக்கறேன், பொன்னா?"

எங்கள் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்ன அதே பேச்சு. அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இவர் சொன்னபோது அழுகை வந்தது. நான் அடித்த இரண்டு சிவப்புக் கோட்டுக்கு இவர் உயிரே போகப் பார்த்ததே என்று இருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னையே திட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாயை ஊட்டினேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. வீட்டுக்குள் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. யாராவது கூப்பிட்டால் அப்புறம் அவரே தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி வந்து திருப்பிக் கூப்பிடுவார். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"மாப்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு பூமாலப் பையன் சொன்னான். இன்னாம்மா ஆச்சு?"

தொட்டி, பாறை, ஆவி என்று எப்படி விளக்குவது என்று யோசித்து வைத்திருந்தேன். அதெல்லாம் வேண்டாமென்று தோன்றியது.

"பூச்சிப்பா" என்றேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"எந்தப் பூச்சின்னு கேட்டாங்களா?" என்றார் அப்பா.

"கேட்டாங்கப்பா. டாக்டரம்மா கேட்டாங்க. அதனாலதான் பொழச்சாரு."

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்." பிறகு, "நம்ம செல்லிக்கு யாரும் கேக்கல, பொன்னாயி" என்றார்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் செல்லி என்ற பெயரை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயில்லாத அப்பன் என்று அவரைச் சொன்னேனே. நேற்று அந்த டாக்டருக்கு முன்னால் நான் நின்ற மாதிரிதானே அவரும் நின்றிருப்பார், தோளில் பிள்ளையோடு.

"நானும் டார்ச் லைட்டப் புடிச்சிக்கினு அங்கதாம்பா நின்னேன். பூச்சின்னா இன்னான்னு எனக்கும் தெரியும். நானும் சொல்லல."

"நீ கொழந்தடி."

நான் கேட்டிருக்கிறேன், இத்தனை வருஷமாக, ஜன்னலுக்கு வெளியே நின்ற எல்லாரையும். என் தொட்டியில் ஓடுகிற கடுகுக்குக்கூடப் பெயர் தேடியிருக்கிறேன். அவரிடம் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"எந்தப் பூச்சிப்பா அது?" என்றேன்.

மலையில் அந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள். அவர் பின்னால் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அது கடந்து போகிற வரைக்கும் அப்பா காத்திருந்தார்.

"கட்டுவிரியம் பாம்பு" என்றார். "ரெண்டு முழம் இருக்கும். கதிர்க்கட்டுக்கு அடியில சுருண்டுக்கினு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

பிறகு அவர் அழுதார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.